இணையவழிப் பாடமும் முதல் தலைமுறை மாணவரும்: மனவுறுதி மட்டும் போதாது

"ஆன்லைனில்தான் எல்லாம் இருக்கிறதே, உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே?" அரசுக் கல்லூரி மாணவர்களைப் பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் இந்தக் கேள்வி இப்போது தவறாமல் வந்துவிடுகிறது. வீடியோ இலவசம், நோட்ஸ் இலவசம், ஐஐடி பேராசிரியரே கைபேசிக்குள் வந்து பாடம் நடத்துகிறார். இதற்குப் பிறகும் ஒருவர் தேறவில்லை என்றால் அவருக்கு அக்கறை இல்லை, ஒழுங்கு இல்லை, மனவுறுதி இல்லை. வாதம் இப்படித்தான் போகிறது.

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. மண்டல் குழு காலத்தில் இதற்குப் பெயர் 'தகுதி, திறமை'. அன்று திறமை சிலருக்குப் பிறப்பிலேயே வாய்ப்பது போலப் பேசினார்கள். இன்று ஒழுங்கும் விடாமுயற்சியும் சில வீட்டுப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே இருப்பது போலப் பேசுகிறார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டோம், உள்ளே வராதது உன் குற்றம் என்பதுதான் இரண்டின் சாரமும்.

அதற்காக இணையவழிப் படிப்பையே வேண்டாம் என்று தள்ளிவிடவும் முடியாது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் படிக்கும் ஒரு தலித் மாணவருக்கு அது பெரிய ஆயுதமாக மாறக்கூடும். தானாகத் திட்டமிட்டு, தானாகப் படித்து, தன் குறையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் பழக்கத்தை நல்ல இணையப் பாடம் கற்றுக்கொடுக்கும். ஆனால் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இணைப்பை மட்டும் அனுப்பினால் அது யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்காது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

மதிப்பெண் பட்டியலுக்குள் வந்துவிட்ட இணையம்

இதை விருப்பமுள்ளவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமாக நினைக்க வேண்டாம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், 2014 முதல் இணையவழியில் சான்றிதழ்ப் படிப்புகளையும் நடத்துகிறது. ஒன்றிய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. ஒரு பட்டப்படிப்பின் ஒரு பருவத்தில் 20 விழுக்காடு பாடங்கள் வரை ஸ்வயம் வழியாகப் படித்து, அந்த மதிப்பீட்டுப் புள்ளிகளைக் கல்லூரிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதி செய்தது. 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது.

40 விழுக்காடு என்றால், பருவத்துக்கு ஐந்து தாள் எழுதும் மாணவருக்கு இரண்டு தாள். இது கட்டாயம் இல்லை, அனுமதிதான். ஆனால் ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாத கல்லூரியில் அனுமதி எவ்வளவு சீக்கிரம் வழக்கமாக மாறும் என்பது நமக்குத் தெரியும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் படிப்புகளிலும் ஒரு பகுதி இணையவழியில்தான் நடக்கிறது. ஆக, தானாகப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவு இனி மதிப்பெண் பட்டியலிலேயே தெரியும். வேலைக்கான நேர்காணலில் தெரியும்.

நம் பகுதிக்கு இதில் தனி அக்கறை வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29 விழுக்காடு. மாநில அளவு 20 விழுக்காடு. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, எம்.ஜி.ஆர். அரசு மகளிர் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி போன்றவற்றில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்களேதான். விழுப்புரத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்று 2021 பிப்ரவரியில் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவும் வந்தது. ஓர் ஆண்டுகூட நிற்காத பல்கலைக்கழகத்தைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே 'இணையத்தில் படித்துக்கொள்' என்பது சும்மா சொல்லப்படும் அறிவுரை அல்ல. எது கிடைக்காதோ அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது.

ஒழுங்கு எங்கே கற்பிக்கப்படுகிறது?

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மன் இந்தத் திறனை நீண்டகாலம் ஆராய்ந்தவர். தன்னைத் தானே நெறிப்படுத்திக் கற்பதை மூன்று கட்டங்களாக அவர் பிரித்தார். படிப்பதற்கு முன் இலக்கு வைத்துத் திட்டமிடுவது முதல் கட்டம். படிக்கும்போது கவனம் எங்கே போகிறது, புரிகிறதா இல்லையா என்று தன்னைக் கண்காணிப்பது இரண்டாம் கட்டம். முடித்த பிறகு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று திரும்பிப் பார்த்து, அடுத்த முறைக்கு வழியை மாற்றுவது மூன்றாம் கட்டம். அது மறுபடி முதல் கட்டத்துக்கு இட்டுச்செல்லும். அவர் வலியுறுத்திய முக்கியமான செய்தி, இது அறிவுக்கூர்மையின் பெயரும் அல்ல, பிறவிக் குணமும் அல்ல என்பதே. பிறரைப் பார்த்தும், பிறர் சொல்லிக்கொடுத்தும், பழகியும் வருவது இது.

அப்படியானால் யாருக்கு இது சொல்லிக்கொடுக்கப்படுகிறது? ஓர் ஆசிரியர் வீட்டையோ மருத்துவர் வீட்டையோ எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கென்று ஒரு மேசை. தேர்வுக்கு முன் அப்பாவே உட்கார்ந்து போடும் டைம்டேபிள். குறைந்த மதிப்பெண் வாங்கிவந்தால், 'எந்தக் கேள்வியில் தப்பு செய்தாய், காட்டு' என்று கேட்கும் அம்மா. அந்தக் கேள்விதான் சிம்மர்மன் சொல்லும் மூன்றாம் கட்டம். அந்தப் பிள்ளை பத்து வயதிலேயே அதைப் பழகிவிடுகிறது. கல்லூரிக்கு வரும்போது அது அதன் இயல்பு போலவே தெரிகிறது.

இப்போது காலனியில் ஒரு வீடு. அம்மா விடியற்காலையில் மல்லாட்டை பிடுங்கப் போகிறார். அப்பா சித்தாள் வேலைக்கோ மரக்காணம் உப்பளத்துக்கோ போகிறார். மகள் காலையில் சமைத்துவைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறாள். மகன் முகூர்த்த நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தி பரிமாறுகிறான். இவர்களுக்குத் திட்டமிடத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? ஒரு குடும்பத்தின் நேரத்தையும் காசையும் எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்கள் இவர்கள். அந்தத் திறனைப் படிப்பின் மேல் திருப்பிப் போடுவது எப்படி என்று இவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

சாதி எங்கே நுழைகிறது?

இணையத்தில் சாதி கிடையாது, திரைக்கு முன் எல்லோரும் சமம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆய்வுகள் வேறு சொல்கின்றன. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய திறந்த இணையப் படிப்புகளின் தரவுகளை ஜஸ்டின் ரீச்சும் ரூயிபெரெஸ் வலியெந்தேவும் ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 2017-18இல் அந்தப் படிப்புகளில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர். சேர்ந்தவர்களிலும் பெரும்பகுதி வளமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலகத்தின் ஏழைகளுக்குக் கல்வி தரும் என்று சொல்லித் தொடங்கியது, ஏற்கெனவே படித்தவர்களுக்கே மேலும் பயன்பட்டது. ஆக, பாதியில் விடுவது விழுப்புரத்து மாணவரின் நோய் அல்ல. அது உலக வழக்கம். ஆதரவு இல்லாதவரை அது முதலில் தாக்குகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆதிக்க சாதிச் சிறுவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளை அவிழ்க்க வேண்டும், சரியாக அவிழ்த்தால் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. சாதியை எல்லோர் முன்னும் அறிவித்த பிறகு ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் செயல்பாடு இறங்கியது. அறிவு மாறவில்லை. புதிரும் மாறவில்லை. 'நீ யார்' என்று நினைவூட்டப்பட்டது மட்டும்தான் மாறியது.

'கோட்டாவில் வந்தவன்' என்று வகுப்பில் ஒருமுறை கேட்ட மாணவர் இணையப் பாடத்தில் முதல் சிறுதேர்வில் பத்துக்கு மூன்று வாங்கும்போது என்ன நினைப்பார்? 'இந்த வாரம் சரியாகப் படிக்கவில்லை' என்று நினைப்பது ஒன்று. 'நமக்கு இதெல்லாம் வராது' என்று நினைப்பது வேறு. முதல் நினைப்பு மறுவாரம் புத்தகத்தைத் திறக்க வைக்கும். இரண்டாவது நினைப்பு தளத்தை மூட வைக்கும். தன்னை நெறிப்படுத்துவதில் மிகக் கடினமான இடம் இதுதான். சாதி வந்து உட்காரும் இடமும் இதுதான்.

இதற்கு எளிய மருந்து கிடைக்குமா என்றும் தேடியிருக்கிறார்கள். ரெனே கிசில்செக்கும் சக ஆய்வாளர்களும் 2017இல் இரண்டு இணையப் படிப்புகளின் தொடக்கத்தில் சில நிமிடப் பயிற்சி ஒன்றைச் சேர்த்தார்கள். தனக்கு முக்கியமான விழுமியங்களைப் பற்றி எழுதுவது, 'எனக்கும் முதலில் இங்கே அந்நியமாகத்தான் இருந்தது' என்று முன்பு படித்தவர்கள் சொன்னதைப் படிப்பது போன்றவை அவை. வளர்ச்சி குறைந்த நாட்டு மாணவர்களின் பின்னடைவு அந்தப் படிப்புகளில் மறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு ஏறத்தாழ 250 படிப்புகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இத்தகைய பயிற்சிகளைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பலன் எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. திட்டம் எழுதச் சொன்னது முதல் சில வாரங்களுக்கு மாணவர்களை ஊக்கப்படுத்தியது, படிப்பை முடிக்கவைக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு தூண்டுதல் போதாது, வாராவாரம் கூட ஆள் வேண்டும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாடத்தின் அமைப்பையே பயிற்சியாக மாற்றுங்கள்

இனி மாணவர்களிடம் நேரடியாகப் பேசுகிறேன். இணையப் பாடத்தை வீடியோக் குவியலாகப் பார்க்காதீர்கள். அதன் அமைப்புக்குள்ளேயே நெறிப்படுத்தும் பயிற்சி ஒளிந்திருக்கிறது. என்பிடெலின் 12 வாரப் படிப்பை எடுத்துக்கொள்வோம். வாரம் ஓர் அசைன்மென்ட், அதற்கு ஒரு கெடு. 12 அசைன்மென்டில் சிறந்த 8 மட்டும் கணக்கில் வரும். அதற்கு 25 மதிப்பெண். நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 வாங்கினால் சான்றிதழ் உண்டு.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். 12இல் 8 போதும் என்றால், நான்கு வாரம் தவறலாம் என்று பொருள். ஊரில் சாவு விழலாம், அறுவடை வரலாம், காய்ச்சல் வரலாம், போன் உடையலாம். அதற்கெல்லாம் இடம்விட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டு வாரம் தவறியதும் 'அவ்வளவுதான், போச்சு' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விதியைப் படித்தவர் மூன்றாம் வாரம் திரும்பி வருவார். விட்ட இடத்திலிருந்து திரும்பி வருவதுதான் தன்னை நெறிப்படுத்துவதின் பாதி.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, வாரத் திட்டத்தைத் தாளில் எழுதுங்கள். 'நன்றாகப் படிப்பேன்' என்று எழுதாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாருடைய போனில், எந்தப் பகுதி என்று எழுதுங்கள். போன் அண்ணனுடையது என்றால் அண்ணனிடம் பேசி வாங்கும் நேரமும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள். ஒருமுறை பார்த்ததும் மூடிவிட்டு, நினைவிலிருப்பதை எழுதுங்கள். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 83 விழுக்காடு, எழுதிய குழு 71 விழுக்காடு நினைவு வைத்திருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்த குழு 40, எழுதிய குழு 61. திரும்பப் படிக்கும்போது தெரிந்துவிட்டது போலத் தோன்றும். அந்தத் தோற்றம் தேர்வு அறை வரைகூட வராது. டேட்டாவும் மிச்சமாகும் என்பது கூடுதல் லாபம்.

மூன்று, இணையச் சிறுதேர்வில் தவறாகப் போன கேள்விகளுக்கு ஒரு தனி நோட்டுப் போடுங்கள். கேள்வி புரியவில்லையா, ஆங்கிலச் சொல் புரியவில்லையா, கருத்தே தெரியவில்லையா, அவசரமா என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள். நான்கு வாரத்தில் உங்கள் சிக்கல் எதுவென்று அந்த நோட்டே சொல்லும். 'எனக்கு வராது' என்ற மொத்தத் தீர்ப்பை உடைத்து, 'எனக்கு இந்த நான்கு சொற்கள் தெரியாது' என்ற சிறு வேலையாக அது மாற்றிவிடும். வகுப்பில் எல்லோர் முன்னும் தவறாகப் பதில் சொல்லிக் கூனிக்குறுக வேண்டியதில்லை. திரைக்குமுன் எத்தனை முறை தவறினாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை. நம் பிள்ளைகளுக்கு இணையப் பாடம் தரும் பெரிய விடுதலை இதுதான்.

நான்கு, வாரக் கடைசியில் பத்து நிமிடம் திரும்பிப் பாருங்கள். திட்டமிட்டது என்ன, நடந்தது என்ன, எது தடுத்தது. தடுத்தது உங்கள் சோம்பலா, வீட்டு வேலையா, நெட் வராததா என்று உண்மையாக எழுதுங்கள். சோம்பலுக்கு நீங்கள் பொறுப்பு. மற்றவற்றுக்கு அரசும் சமூகமும் பொறுப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்வதுதான் நம் பிள்ளைகள் செய்யும் தவறு.

மனவுறுதியால் தீராதவை

அந்தப் பட்டியலில் சோம்பலுக்கு வெளியே இருப்பவற்றைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது ஏமாற்று. 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, இந்திய கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது நூற்றுக்கு நான்கில்தான், இணைய வசதி இருந்தது பதினைந்தில்தான். கொரோனாவுக்குப் பிறகு ஸ்மார்ட்போன் பெருகியிருக்கிறது, உண்மை. ஆனால் ஆறு அங்குலத் திரையில் வீடியோ பார்க்கலாம், புள்ளியியல் கணக்குப் போட முடியாது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவைத் தமிழ்நாடு அரசு இலவசமாகத் தந்தது. நல்ல திட்டம். நான்கு மாதத்துக்கு மட்டும் வந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். கருவி வரட்டும். கருவியோடு அதில் படிக்க இடமும் நேரமும் வர வேண்டும்.

தேர்வுக் கட்டணம் அடுத்தது. என்பிடெலில் படிப்பது இலவசம், தேர்வு எழுத ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் 1000 ரூபாய் என்பது புதுமைப் பெண் திட்டத்தில் ஒரு மாணவிக்கு ஒரு மாதத்துக்குக் கிடைக்கும் முழுத் தொகை. அதில்தான் பஸ்ஸும் ரீசார்ஜும் நாப்கினும் அடங்க வேண்டும்.

மொழி எல்லாவற்றிலும் பெரிய சுவர். பாடம் புரிகிறதா என்று தன்னைத் தானே கண்காணிக்க வேண்டும் என்றோம். மொழியே புரியாதபோது எதைக் கண்காணிப்பது? திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியைப் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்தினார். இருளர், தலித் பிள்ளைகள் தம் மொழியில் தயக்கமில்லாமல் கேள்வி கேட்பதை அங்கே பார்க்கலாம். அந்தப் பிள்ளை கல்லூரிக்கு வந்ததும் மும்பையிலிருந்தோ கான்பூரிலிருந்தோ ஒலிக்கும் ஆங்கில உரையின் முன் உட்காரவைக்கப்படுகிறது. சில பாடங்களின் எழுத்துரைகளை இப்போது தமிழில் பெயர்க்கிறார்கள். அது கலை, வணிகவியல், சமூக அறிவியல் பாடங்களுக்கும் முழுமையாக வர வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் அதிகம் படிப்பது அவற்றைத்தான்.

இரவுப் பள்ளிகளின் வாரிசுகள் நாம்

கூடிப் படிப்பது நமக்குப் புதிதல்ல. 1894இல் அயோத்திதாசப் பண்டிதரின் தூண்டுதலோடு கர்னல் ஆல்காட் தொடங்கிய பள்ளி முதல், 1920களில் எல்.சி.குருசாமி சென்னையில் அருந்ததியர் பிள்ளைகளுக்கு நடத்திய இரவுப் பள்ளிகள், சேரிதோறும் இளைஞர்கள் அம்பேத்கர் பெயரில் நடத்திய மாலை வகுப்புகள் வரை ஒரு நீண்ட மரபு நமக்கு இருக்கிறது. அந்த இடங்கள் பாடம் மட்டும் சொல்லித்தரவில்லை. ஒரு விளக்கு, ஒரு பாய், குறித்த நேரம், 'நேற்று ஏன் வரவில்லை' என்று கேட்கும் ஓர் அண்ணன். தன்னை நெறிப்படுத்தும் பழக்கம் அங்கேதான் வளர்ந்தது. தனியாகப் படிக்கும் திறன் முதலில் கூட்டமாகப் படிக்கும் இடத்தில் உருவாகிறது.

'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்டது நம் மாவட்டத்தில்தான், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, அதே குடியிருப்பைச் சேர்ந்த தன்னார்வலர் மாலையில் ஒன்றரை மணி நேரம் கூட இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவை என்று அரசு ஒப்புக்கொண்ட துணை, முதல் தலைமுறைக் கல்லூரி மாணவருக்கு ஏன் தேவையில்லை?

ஆதிதிராவிடர் நல விடுதிகளை 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றினார்கள். பெயருக்கு ஏற்ற வேலை ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு கல்லூரி விடுதியிலும் மாலை இரண்டு மணி நேரம் ஓர் அறை, வைஃபை, பத்து மடிக்கணினி. ஒரே இணையப் பாடத்தில் சேர்ந்த ஐந்தாறு பேர் ஒரு குழு. அதே படிப்பை முந்தைய பருவத்தில் முடித்த மாணவர் ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டி, அவருக்கு ஊக்கத்தொகை. வாரம் ஒருமுறை எல்லோரும் தவறு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான். இதற்குக் கட்டடம் வேண்டாம், புதிய துறை வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை

இணையப் பாடம் ஆசிரியருக்கு மாற்று ஆகிவிடக் கூடாது. அரசு கலைக் கல்லூரிகளின் துறைகள் இன்றும் கௌரவ விரிவுரையாளர்களின் தோளில் ஓடுகின்றன. அந்தக் காலியிடங்களை நிரப்பாமல் 'ஸ்வயத்தில் எடுத்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிட்டால், வளமான தனியார் கல்லூரி மாணவருக்கு ஆசிரியரும் இணையமும் கிடைக்கும், நம் பிள்ளைகளுக்கு இணையம் மட்டும் மிஞ்சும். தானாகப் படி என்பது அப்போது கைகழுவுவதற்கான சொல்லாகிவிடும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். இணையப் பாடத்துக்கு மதிப்பீட்டுப் புள்ளி தரும் ஒவ்வொரு கல்லூரியும் அந்தப் பாடத்துக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, வாரம் ஒரு மணி நேரம் கால அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும். முதல் பருவத்திலேயே எப்படிப் படிப்பது என்பதைக் கற்றுத்தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் தேர்வுக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். தேர்வு மையம் மாணவரின் ஊருக்கு அருகில் அமைய வேண்டும். சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை என்பதைச் சமூகப் பிரிவு வாரியாகக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். எண்ணிக்கை வெளியே வந்தால்தான் யார் விடுபடுகிறார்கள் என்பது தெரியும்.

அண்ணல் அம்பேத்கர் நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் படித்தார் என்று பதாகையில் எழுதுகிறோம். அந்த உழைப்பு நமக்குப் பெருமை. கூடவே இன்னொன்றையும் எழுதவேண்டும். பரோடா மன்னரின் உதவித்தொகை முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு அவர் ஊர் திரும்ப நேர்ந்தது. மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும், சாகு மகாராசர் போன்றோரின் உதவியோடும் 1920இல் திரும்பிப் போனார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அம்பேத்கரின் மனவுறுதிக்கே உதவித்தொகை தேவைப்பட்டது. பணம் நின்றபோது படிப்பும் நின்றது. அவருக்கே அப்படி என்றால், மரக்காணத்து மாணவியிடம் மனவுறுதியை மட்டும் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இணையப் படிப்புகள் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை தொடங்குகின்றன. அடுத்த முறை பதிவு செய்யும்போது தனியாகப் பதிவு செய்யாதீர்கள். மூன்று பேராகச் சேருங்கள். உங்கள் கல்லூரி என்பிடெலின் உள்ளூர்க் கிளையாக இருக்கிறதா, அதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேளுங்கள். பிறகு விடுதிக் காப்பாளரிடமோ முதல்வரிடமோ ஓர் அறைக்கும் இரண்டு மணி நேரத்துக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். மனுவில் தேதி போட்டு, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.